எதிரில் உட்காருகிறவள்

வேலூர்
12.8.2025

சௌமியா,

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். நீ கூப்பிட்டுப் பார்த்திருந்தால் இந்நேரம் புரிந்திருக்கும். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார் என்று அம்பரீன் மேடம் பேப்பரும் பேனாவும் கொடுத்தார். சாப்பிடாமல் போகிற பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். ஜூன் மாதம் நம் ஷூ கம்பெனிக்கு வந்து எல்லோரிடமும் கேள்வி கேட்டாரே, அவர்தான். புதன்கிழமை ஆம்பூர் வரும்போது இதை உன்னிடம் கொடுப்பார். கவரை ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

நான் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தபோது ஓடி வந்து தூக்கியவள் நீ என்று சொன்னார்கள். சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு உன்னை யார் வரச் சொன்னது? வந்தவள் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். வராந்தாவில் என் அம்மியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, நாலு மாசமா மத்தியானம் உங்க கைச் சோறுதான் சாப்பிடறேன். எங்க அம்மாகூட எனக்கு இப்படி ஒருநாளும் கட்டிக் குடுத்ததில்ல" என்று அழுதாயே. கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

அம்மி கைகளை விடுவித்துக்கொண்டாள். பிறகு "எந்தச் சோறு?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு என் வீட்டில் எனக்கு எதுவும் மிச்சம் இல்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. சாப்பிடாததற்காக இல்லை, நோன்பு என்று உன்னிடம் பொய் சொன்னதற்காக. "அல்லாவோட பேர்ல பொய்யா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

இங்கே சாப்பாட்டுத் தட்டு வந்தால் கூடவே ஒரு நர்ஸும் வருகிறார். கடைசி வாய் வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். முடிந்த பிறகும் எழுந்திருக்கக் கூடாது. பாத்ரூமுக்குக்கூட ஒரு ஆள் துணைக்கு வந்து கதவருகே நிற்கிறார். எடை பார்க்கும்போது என்னைத் திருப்பி நிற்க வைக்கிறார்கள், நம்பர் எனக்குத் தெரியக் கூடாதாம். யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தவள் நான். உன் நன்றியால் இப்போது நான் விழுங்குகிற ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சாட்சி இருக்கிறது.

இனிமேல் வராதே.

முபஷ்ஷிரா


பள்ளிகொண்டா
20.8.2025

முபி,

பிளாக் பண்ணிட்டு லெட்டர் போடற மொத ஆளு நீதான்டி. மேடம் லஞ்ச் டைம்ல கூப்ட்டு கவரைக் குடுத்தாங்க. லைனே எட்டிப் பாத்துச்சு. லவ் லெட்டரான்னு கேட்டாளுங்க. ஆமான்னு சொல்லிட்டேன்.

நன்றி சொன்னது தப்பா? நான் இன்னா போலீஸ் ஸ்டேஷன்லயா போய்ச் சொன்னேன்? சோறு போட்ட மகராசின்னு நெனச்சு உங்கம்மி கையைப் புடிச்சேன். அந்தம்மா மூஞ்சி போன போக்கைப் பாத்து என் உசுரே போய்டுச்சு. அது உனக்குத் தெரியாது. நீ கட்டில்ல படுத்துக்கினு காதை மட்டும் தீட்டிக்கினு இருந்த.

நீ சொன்னத ஒரு வார்த்தை விடாம நம்பினேன். எங்க ஊர்ல பாய் வீடு ஒண்ணுகூடக் கெடையாது, எனக்கு இன்னா தெரியும்? ரம்ஜான் முடிஞ்சும் நீ சாப்பிடலியேன்னு கேட்டேன். விட்டுப்போன நோன்பு, திருப்பி இருக்கணும்னு சொன்ன. எத்தினி நாளுடின்னு கேட்டேன். அதெல்லாம் வெளிய சொன்னா நன்மை போய்டும்னு சொன்ன. அப்போ ஏன் டப்பா எடுத்தாறன்னு கேட்டேன். அம்மி உனக்குன்னுதான் கட்டுது, நோன்பு இருக்கறப்ப அடுத்தவங்களுக்குச் சோறு போட்டா ரொம்ப நல்லதுன்னு சொன்ன. உங்கம்மிகிட்ட நோன்பில்லன்னு சொல்லி டப்பா வாங்கிக்குவ, என்கிட்ட நோன்புன்னு சொல்லி டப்பாவைத் தள்ளிடுவ. நடுவுல நான் ஒரு கேனச்சிறுக்கி. கேண்டீன்ல உக்காராம சைக்கிள் ஸ்டாண்டு பின்னாடி உன்னோட உக்காந்தேன், உன் நோன்ப யாரும் பாத்துடக் கூடாதுன்னு. தண்ணி குடிக்கக்கூட அந்தப் பக்கம் திரும்பிக் குடிப்பேன்.

இப்பத்தான் நம்ம லைன் சகீனா அக்காவைக் கேட்டேன். மாசாமாசம் வர்றதுனால விடுபடற நாளுங்க இருக்குதே, அதைத்தான் திருப்பி இருக்கணுமாம். நீ இந்த ரம்ஜான்ல ஒரு நாள்கூட விடல. நான் கூடவேதானே உக்காந்திருந்தேன். விடாத நோன்புக்கு இன்னாடி ஈடு?

எங்க மரத்து மாம்பழம் ஒரு பை குடுத்தேனே உங்கம்மிக்குன்னு. வரவே இல்லியாம். எங்க போட்ட?

இன்னொண்ணு. நான் சாப்பிடறப்ப நீ என் வாயையே பாத்துக்கினு இருப்ப. உப்பு சரியா இருக்கா, கறி வெந்துச்சா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னு கேட்டுக்கினே இருப்ப. எங்கம்மா ஒருநாளும் என்னை அப்படிக் கேட்டதில்ல. வயிறு நெறையறதுக்கு முன்னாடி மனசு நெறஞ்சுடும் எனக்கு. மேடம் சொல்றாங்க, பட்டினி கெடக்கறவங்களுக்கு எந்நேரமும் சோத்து நெனப்பாவே இருக்குமாம், அடுத்தவங்களைத் தின்ன வெச்சுப் பாக்கறதுல ஒரு திருப்தி வருமாம், அது அந்த நோயோட கொணமாம்.

அப்போ நீ என்னை உக்கார வெச்சுப் போட்டது பாசமா, நோயா? இதுக்கு மட்டும் பதில் எழுது. நீ என் தோஸ்துன்னு நெனச்சேன். நீ என்னைக் குப்பைத்தொட்டியா வெச்சிருந்த.

சௌமியா


வேலூர்
3.9.2025

சௌமியா,

சகீனா அக்காவிடம் கேட்டாயா? அப்படியானால் லைன் முழுக்கத் தெரிந்திருக்கும். எனக்கு வந்தது, வராதது எல்லாம். ரொம்ப சந்தோஷம்.

மாம்பழத்தை ஆட்டோ ஸ்டாண்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று அம்மி கேட்பாள். 

நீ என்னைக் கேள்வி கேட்கிறாய். நானும் கேட்கிறேன். கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தேன். உனக்குத் தெரியவில்லையா? என் தோளில் கிடந்த முடியைக் கொத்தாக எடுத்துப் போட்டுவிட்டு, "சீயக்காய் போடுடி" என்று சொன்னவள் நீதானே? மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். "கெழவி மாதிரி ஏறாதே" என்று சிரித்தாய். டப்பாவில் கறி இருந்தது. அதனால் உனக்குக் கண் தெரியவில்லை.

ஜூனில் மேடம் கேட்ட கேள்விகள் ஞாபகம் இருக்கிறதா? குண்டாகிவிடுவோம் என்று பயமா, கண்ணாடியில் பார்த்தால் வருத்தமா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னேன். பொய் இல்லை. ஒல்லியாக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இங்கே வந்த பிறகு மேடத்திடம் அதையே திரும்பச் சொன்னேன். அந்தக் கேள்விகள் வேறு தேசத்துப் பெண்களை வைத்து எழுதினவை, இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் உன்னைப் போலத்தான் சொல்கிறார்கள், அதனால்தான் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறோம் என்றார். பேசு என்றால் எனக்குப் பேச வருமா? நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரும் சும்மா உட்கார்ந்திருந்தார். எத்தனையோ நாள் அப்படியே போன பிறகு சொன்னேன்.

பாத்ரூம் போக சூப்பர்வைசர் சத்தார் பாயின் மேஜைக்குப் போய்க் கார்டு கேட்க வேண்டும் இல்லையா? லைனுக்கு ஒரே கார்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டபோது, "இன்னாமா, இப்பதானே போய்ட்டு வந்த?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். நான் அன்றிலிருந்து கம்பெனியில் தண்ணீர் குடிப்பதை விட்டேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்தேன். அப்புறம் ரம்ஜான் வந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகு எனக்கு நிம்மதியாகப் போன மாதம் அதுதான். பெருநாள் அன்று பிரியாணி முன்னால் வந்தது. கை போகவில்லை. வேண்டாம் என்று நான் முடிவு செய்யவில்லை, சௌமியா. கை போகவில்லை. தொடங்குவதற்கு எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம், சிலருக்கு உடம்பின் வாகே அப்படி, ஒரு தடவை பட்டினிக்குப் பழகிவிட்டால் பட்டினியே அடுத்த பட்டினிக்குக் காரணமாகிவிடும் என்கிறார் மேடம்.

இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம், நீ சகீனா அக்காவிடம் சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை. அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறார்.

முபஷ்ஷிரா


பள்ளிகொண்டா
11.9.2025

முபி,

ஒரு கார்டுக்காகவாடி?

நான் ஒரு நாளைக்கு எத்தினி தடவ அந்தாளுகிட்ட கேக்கறேன். இன்னாமான்னு கேட்டா, "இன்னா பாய், உங்க வூட்டு பாத்ரூமா?"ன்னு திருப்பிக் கேப்பேன். அவரே சிரிச்சுட்டுக் குடுத்துடுவாரு. நீ தைக்கற, நான் கம் தடவறேன், உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு கூடைதான். என் துப்பட்டாவப் புடிச்சு இழுத்திருந்தா ரெண்டு பேரும் சேந்து போயிருப்போம். என்கிட்ட கேக்கறதுக்கு வெக்கம். என்கிட்ட பொய் சொல்றதுக்கு மட்டும் வெக்கமில்ல.

டப்பாவுல கறி இருந்துச்சு, கண்ணு தெரியலன்னு எழுதினியே. அந்த வரியை நான் மறக்கமாட்டேன். நீ செத்தாலும் மறக்கமாட்டேன், நான் செத்தாலும் மறக்கமாட்டேன். எங்க வீட்ல கறி எடுக்கறது எப்பன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதின.

கேட்டுக்கோ. இப்போ மத்தியானம் டப்பாவைத் தொறந்தா எனக்குச் சோறு எறங்கமாட்டேங்குது. எங்க வீட்டுச் சோறுதான், எங்கம்மா குடுத்த காரக்கொழம்புதான். வாய்ல வெச்சா, நீ செத்துக்கினு இருந்தப்ப எதிர்ல உக்காந்து ரசிச்சுத் தின்னேனேன்னு வருது. மூடி வெச்சுடறேன். தின்னு தின்னு வளந்த கட்டை நான். என்னையும் கெடுத்துட்ட.

லைன்ல உனக்குப் பேய் புடிச்சுதுங்கறாளுங்க, லவ் ஃபெயிலியருங்கறாளுங்க. ரெண்டு பேர்கிட்ட சண்ட போட்டேன். உனக்காக இல்ல. எனக்கு அன்னிக்குக் கோவம் வந்துச்சு, அவ்ளோதான்.

மேடம் ஒண்ணு கேட்டாங்க. காலைல ராத்திரில வீட்ல அம்மாங்க எதிர்ல உக்காந்து சாப்பிட வெச்சுடறாங்களாம். வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு மத்தியானம்தான் சாப்பாடு தவறிப்போவுதாம். கூட வேலை செய்யறவங்க எதிர்ல உக்காந்தா பலன் இருக்குதான்னு அவங்க ஆராய்ச்சியில பாக்கறாங்களாம். எப்படி உக்காரணும், இன்னா பேசணும், இன்னா பேசக் கூடாதுன்னு சொல்லிக் குடுப்பாங்களாம். உனக்கு நான் உக்காருவேனான்னு கேட்டாங்க. அவளைக் கேட்டீங்களான்னு கேட்டேன். நீ வேணாம்னு சொல்லலியாம்.

மாட்டேன்னு சொல்லிட்டேன்.

சௌமியா


ஆம்பூர்
29.9.2025

சௌமியா,

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். அதை நீ உனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். தெருவில் எல்லோரும் மனநோய் வார்டு என்று பேசுகிறார்கள், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிட்டார். நான் நன்றாக இருக்கிறேன். அம்மி எதிரில் உட்காருகிறாள், நான் சாப்பிடுகிறேன். உனக்கும் உன் மேடத்துக்கும் வேலை மிச்சம்.

நீ சாப்பிடாததற்கு என்மேல் பழி போடாதே. உன் சோறு, உன் வாய்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

முபஷ்ஷிரா


பள்ளிகொண்டா
11.10.2025

முபி,

பதில் எழுத வேணாம்னா நீ எழுதாம இருந்திருக்கணும்.

வெள்ளிக்கெழம பஜார்ல உன்னைப் பாத்தேன். உங்கம்மி முன்னாடி போவுது, நீ சுவத்தைப் புடிச்சிக்கினு பின்னாடி வர்ற. அதே ஸ்வெட்டரு. என்னைப் பாத்ததும் துணிக்கடைக்குள்ள பூந்துட்ட. நானும் பின்னாடியே வந்தேன், நீ பாக்கல. படி ஏற முடியாம நடுப்படியில உக்காந்துட்ட. கடைக்காரர் தண்ணி குடுத்தாரு. வாங்கி மடியில வெச்சிருந்துட்டு அப்படியே திருப்பிக் குடுத்த. "நன்றாக இருக்கிறேன்"னு எழுதின கை அதான்.

சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தேன். நீ உள் ரூம்ல தூங்கறன்னு சொன்னாங்க. தூங்கல, எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிடறேன், நாளைக்கு நீ மாத்திச் சொல்லுவ. உங்கம்மி பாவம், "எங்கூட உக்காந்து சாப்பிடறாளேம்மா" ன்னு சொல்லுது. "அவ தட்டுல இருந்தது எல்லாம் அவ வயித்துக்குத்தான் போவுதா ஆன்ட்டி?"ன்னு கேட்டேன். அந்தம்மா உள் ரூம் கதவைத் திரும்பிப் பாத்துச்சு.

உங்கப்பா வெளிய வந்தாரு. "நீ யாரும்மா?"ன்னாரு.

"உங்க பொண்ணோட சோத்தத் தின்னவ"ன்னேன்.

அவரு ஒரு மாதிரி ஆய்ட்டாரு. இத்தினி நாள் அவர் மனசுல யாரைத் திட்டிக்கினு இருந்தாரோ அவளே வாசல்ல வந்து நிக்கறேன் இல்ல? "பெரியவரே, பொண்ணு வேணுமா, தெருக்காரங்க பேச்சு வேணுமா? நோன்பப் பத்தி அப்புறம் அவளைக் கேளுங்க. கேக்கறதுக்கு அவ இருக்கணும் இல்ல?"ன்னு கேட்டேன். நான் வாயாடிதான், ஆனா பெரியவங்களை அப்படிப் பேசினதில்ல. அவர் செருப்பைக்கூடப் போடாம வாசல்லயே நின்னாரு. நான் ரோட்டுக்கு வந்து மேடத்துக்கு போன் போட்டு, பஜார்ல பாத்தத ஒண்ணு விடாம சொல்லிட்டேன்.

மொத தடவ தெரியாம சொன்னேன். இந்தத் தடவ தெரிஞ்சே சொன்னேன். இப்போ திட்டு. இப்போ திட்டினா வாங்கிக்கறேன்.

சௌமியா


வேலூர்
5.11.2025

சௌமியா,

திட்டுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று என் அப்பாவை அப்படிக் கேட்க நீ யார்? அவர் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மேடத்தின் வண்டி வருவதற்கு முன்னால் அவரே ஆட்டோ கூட்டி வந்துவிட்டார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அப்பா என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார். தலையைக் குனியவில்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை.

இங்கே வந்ததும் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். என் இதயம் எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறது என்று டாக்டர் அப்பாவுக்குத் திரையில் காட்டினார். ரத்தத்தில் உப்புகள் கம்மியாகிவிட்டன, இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருந்திருந்தால் தூக்கத்திலேயே நின்றிருக்கும் என்றார். எடுத்ததும் நிறையக் கொடுத்துவிட்டாலும் ஆபத்தாம். ரத்தம் பார்த்துப் பார்த்து, கரண்டி கரண்டியாக ஏற்றினார்கள். அப்பா தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவர் என்று உனக்குத் தெரியும். எந்தத் தோலையும் கையால் தடவியே சொல்லிவிடுவார். என் கையை எடுத்து அப்படித் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

நீ வராமல் இருந்திருந்தால் நான் இருந்திருக்க மாட்டேன் என்று அம்மி சொல்கிறாள், நர்ஸ் சொல்கிறார், எல்லோரும் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க உன்மேல் ஆத்திரம் ஜாஸ்தியாகிறது. ஒருத்திக்கு இவ்வளவு கடன்பட்டு எப்படி இருப்பது?

நீ ஆகஸ்டில் கேட்டதற்குப் பதில். பாசமா, நோயா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. லைனில் அத்தனை பேர் இருந்தார்கள். வேறு யாருக்கும் அந்த டப்பாவைக் கொடுக்க எனக்குத் தோன்றியதில்லை. அவ்வளவுதான் தெரியும். கறி என்று எழுதியது உனக்கு வலிக்க வேண்டும் என்று எழுதியது. வலித்தது என்று தெரிந்ததும் அன்று சந்தோஷமாக இருந்தது. இப்போது இல்லை.

அப்பா பேசுகிறார். ஆனால் இனிமேல் வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார். வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. கூடத்தில் உட்காரவைத்துப் பெண் பார்க்க வருவார்கள். வருகிற போகிறவர்கள் எல்லாம் என் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு, "இப்போ பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். மிஷினில் உட்கார்ந்தால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை, தையலைத்தான் பார்க்கிறார்கள். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு வேறு இடம் கிடையாது. அந்த ஸ்டூல் எனக்கு வேண்டும்.

மத்தியானம் எதிரில் உட்கார ஆள் இருந்தால் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்கிறார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அப்பா விடுவார். யார் உட்காருவார்கள் என்று மேடம் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். "நீயே கேள், நான் கேட்டுத் தரமாட்டேன்" என்றார்.

இந்தப் பத்திக்கு முன்னால் பேனாவை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள்தான் எழுதுகிறேன்.

எனக்கு எதிரில் உட்காருவாயா?

உன்னைப் பிடித்துப்போய்க் கேட்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை. வேறு யாருக்கு முன்னாலும் என்னால் வாயைத் திறக்க முடியாது.

முபஷ்ஷிரா


பள்ளிகொண்டா
13.11.2025

முபி,

ஒரு வாரம் உன்னைக் காக்க வெச்சேன். வேணும்னுதான்.

உக்காருவேன். மேடத்துகிட்ட சொல்லிட்டேன், ரெண்டு சனிக்கெழம வந்து கத்துக்கோன்னாங்க. மொத சனிக்கெழம போயிட்டு வந்துட்டேன். அங்க எனக்குச் சொல்லிக் குடுத்தது இன்னான்னா, தட்டைப் பத்திப் பேசக் கூடாதாம், உடம்பைப் பத்திப் பேசக் கூடாதாம், கெஞ்சக் கூடாதாம், மெரட்டக் கூடாதாம். வேற எதுனா சாதாரணமா பேசணுமாம். உன்கிட்ட பேசறதுக்கு எனக்குச் சாதாரணமா ஒண்ணும் இல்ல. அதனால பேசமாட்டேன். உக்காருவேன், அவ்ளோதான்.

சைக்கிள் ஸ்டாண்டு பின்னாடி வரமாட்டேன். கேண்டீன்ல, எல்லாரும் இருக்கற எடத்துல, மொத பெஞ்சுல உக்காரு. உன் டப்பாவுல இருந்து ஒரு பருக்கை நான் தொடமாட்டேன். ஒரு வாய் எடுத்துக்கோன்னு நீட்டின, அன்னியோட எழுந்து போய்டுவேன். நீ சாப்பிடலன்னா மேடத்துக்குச் சொல்லுவேன், மறைக்கமாட்டேன், அதை இப்பவே தெரிஞ்சுக்கோ. கார்டு நான் கேட்டுத் தரமாட்டேன். சத்தார் பாய் மேஜைக்கு உன் காலு நடக்கும்.

எனக்கும் மத்தியானம் சோறு எறங்கலன்னு மேடத்துகிட்ட சொன்னேன். நீயும் சாப்பிடணும், அவ எதிர்ல காலி டப்பாவோட உக்காந்தா ரெண்டு பேரும் கெடுவீங்கன்னாங்க. ஆக நானும் உன் மூஞ்சியப் பாத்துக்கினு தின்னாகணும். என் தலையெழுத்து.

கேட்டதுக்கு உனக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு அந்தக் காகிதத்துல தெரிஞ்சுது. ரெண்டு இங்க்கு. அதனாலதான் உக்கார்றேன். வேற எதுக்கும் இல்ல.

சௌமியா


ஆம்பூர்
9.12.2025

சௌமியா,

நீ பேசமாட்டாய் என்பதால் எழுதித்தான் ஆக வேண்டும். நாளை காலை சகீனா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வேலைக்கு வந்து ஒரு வாரமாகிறது. உன்னைப்போல் கல்நெஞ்சுக்காரியை நான் பார்த்ததில்லை. முதல் நாள் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன். நீ உன் பாட்டுக்குக் கருவாட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். மணி அடித்தது. நீ போனை எடுத்து மேடத்திடம், "இல்ல மேடம், இன்னிக்கு இல்ல" என்று என் முன்னாலேயே சொன்னாய். கேண்டீன் முழுக்கக் கேட்டது. செத்துவிடலாம் போல இருந்தது. மறுநாள் உன்மேல் இருந்த கோபத்தில்தான் முதல் வாய் எடுத்தேன். உனக்கு அந்தச் சந்தர்ப்பத்தைத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று. அதைக்கூட நீ பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

தண்ணீர் குடிக்கிறேன். அதனால் கார்டும் கேட்க வேண்டியதாயிற்று. சத்தார் பாய் அதே போல "இன்னாமா?" என்றார். லைன் சிரித்தது. நீயும் சிரித்தாய். பார்த்தேன். முகம் எரிந்தது. போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரு தையல் கோணிவிட்டது. அதைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

நேற்று முழு டப்பாவும் முடிக்கவில்லை. பாதிதான். சாப்பாடு உள்ளே போகும்போது என்ன சத்தம் கேட்கிறது தெரியுமா? வேண்டாம் வேண்டாம் என்று எனக்குள்ளேயே ஒன்று கத்துகிறது. அது கத்தும்போது எதிரில் நீ பல்லிடுக்கில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறாய். அசிங்கமாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. நீ சாப்பிடும் விதம், நீ உட்காரும் விதம், பேசாமல் இருந்து என்னைப் பழிவாங்கும் விதம், எதுவும் பிடிக்கவில்லை.

மேடம் நாளைக்கு வந்து, இவளே தொடரலாமா, வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்பார். உன்னை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கேட்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

முபஷ்ஷிரா


கம்பெனி
10.12.2025

முபி,

இனிமே காகிதம் வேணாம். எனக்குப் பேஜாரா இருக்குது, லைன்ல வேற எங்களுக்கும் படிச்சுக் காட்டுன்னு கேக்கறாளுங்க. இவ்ளோ திட்டு வெச்சிருக்கற இல்ல, எல்லாத்தையும் நாளைக்கு மத்தியானம் எடுத்துக்கினு வா. எதிர்லதானே உக்காந்திருக்கேன், மூஞ்சிக்கு நேரா திட்டு. நானும் வாயத் தொறக்கறேன். வாயில சோறு இருந்தா மட்டும் முழுங்கிட்டுத் திட்டு.

சௌமியா